'தான்' என்றால் 'விட': கசாக் மொழியில் ஒப்பிடுவது எப்படி?

ஒரு கசாக் வாக்கியத்திலிருந்தே தொடங்கிவிடலாம்.

அல்மாட்டி அஸ்தானா-தான் உல்கென்.

அல்மாட்டியும் அஸ்தானாவும் கசகஸ்தானின் இரண்டு பெருநகரங்கள். உல்கென் என்றால் பெரியது. இவ்வளவு தெரிந்ததும் தமிழ்க் காது என்ன செய்யும்? "அஸ்தானாதான் பெரியது" என்று தீர்ப்பு எழுதிவிடும். ஆனால் வாக்கியம் சொல்வது நேர் எதிர். "அஸ்தானாவைவிட அல்மாட்டி பெரியது" என்பதுதான் பொருள். அல்மாட்டியின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. அஸ்தானா அந்த எண்ணிக்கையை இன்னும் எட்டவில்லை.

இந்தத் 'தான்' நம்முடைய தான் அல்ல. கசாக் மொழியில் அது ஒரு வேற்றுமை உருபு. 'இலிருந்து' என்று பொருள். அஸ்தானா-தான் என்றால் 'அஸ்தானாவிலிருந்து'. ரயில் அஸ்தானாவிலிருந்து வந்தது என்று சொல்லவும் இதே உருபு, அஸ்தானாவைவிடப் பெரியது என்று சொல்லவும் இதே உருபு. அஸ்தானாவை ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பார்த்தால் அல்மாட்டி பெரியது என்பது மாதிரியான கணக்கு. இந்த ஒரு தான் கைவசம் வந்துவிட்டால் கசாக் ஒப்பீட்டில் முக்கால் பங்கு முடிந்தது.

மேலே போவதற்குள் ஒலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கசாக் மொழி இப்போது 42 எழுத்துகள் கொண்ட சிரிலிக் நெடுங்கணக்கில் எழுதப்படுகிறது. அதில் ஒன்பது பத்து உயிரொலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. தமிழ் எழுத்தில் அத்தனையையும் பிரித்துக் காட்ட வழியில்லை. அதனால் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ நான் 'உ' போட்டிருந்தால், அதை 'அரசு' என்பதன் கடைசி உகரம்போல உதட்டைக் குவிக்காமல் சொல்லுங்கள். நம் குற்றியலுகரத்துக்கு மிக அருகில் வரும் ஒலி அது. ஆங்கிலேயர்கள் இந்த ஒலியைப் பிடிக்கத் திண்டாடுவார்கள். நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது. உல்கென் என்பதன் முதல் உகரம் மட்டும் வேறு. 'இ' சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் வரும் ஒலி அது. அதேபோல 'எ' சொல்லிக்கொண்டு உதட்டைக் குவித்தால் வரும் ஒலியை 'ஒ' என்று எழுதியிருக்கிறேன். கொக், கொப் போன்ற சொற்களில் அது வரும்.

சரி, உருபுக்குத் திரும்புவோம். துருக்கிய மொழிகள் எல்லாவற்றையும்போலக் கசாக்கிலும் ஒட்டுகள் முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்து நிறம் மாறும். சொல்லின் கடைசி உயிர் வாயின் பின்பக்கம் பிறப்பதானால் தான். முன்பக்கம் பிறப்பதானால் தென். கடைசி எழுத்து ந், ம், ங் போன்ற மூக்கொலியானால் அந்தத் த, ந ஆகிவிடும்: நான், நென். வல்லொலியில் முடிந்தால் த அழுத்தமாக ஒலிக்கும். ஆக மொத்தம் ஆறு வடிவம். மனப்பாடம் செய்யவேண்டிய சங்கதியே இல்லை, நாக்கு தானாகவே அந்தப் பக்கம் வழுக்கும். பாருங்கள்:

அல்மாட்டி ஷும்கெந்த்-தென் உல்கென். (ஷிம்கெண்டைவிட அல்மாட்டி பெரியது.)
ஷும்கெந்த் அல்மாட்டி-தான் ஜுலு. (அல்மாட்டியைவிட ஷிம்கெண்ட் வெதுவெதுப்பானது.)
ஒஸ்பெக்ஸ்தான் கஸாக்ஸ்தான்-நான் கிஷி. (கசகஸ்தானைவிட உஸ்பெகிஸ்தான் சிறியது.)

கடைசி வாக்கியம் பரப்பளவைப் பற்றியது. கசகஸ்தான் 27 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். கடற்கரையே இல்லாமல் நிலத்தால் சூழப்பட்ட நாடுகளில் உலகிலேயே அதுதான் பெரியது. மக்கள்தொகையை எடுத்தால் உஸ்பெகிஸ்தான் முந்திவிடும். அதைச் சொல்ல கிஷியும் உல்கெனும் வேண்டாம், கொப் என்ற சொல் வேண்டும். கொப் என்றால் நிறைய.

இந்த மூன்று வாக்கியங்களிலும் உல்கென், ஜுலு, கிஷி ஆகிய பெயரடைகளைக் கவனித்தீர்களா? அவை மாறவே இல்லை. 'பெரிய' 'பெரிய'வாகவே இருக்கிறது. ஒப்பிடும் வேலை முழுவதையும் உருபே செய்துவிட்டது. தமிழிலும் இதுதானே நடக்கிறது? "அண்ணனைவிடத் தம்பி உயரம்" என்கிறோம். 'உயரம்' என்ற சொல்லுக்கு ஒரு கொம்பும் முளைப்பதில்லை. நமக்கு இது சாதாரணம். ஆங்கிலம் வழியாகக் கசாக் கற்பவர்களுக்குத்தான் இது உறுத்தும், பெயரடையின் வாலில் ஏதோ ஒன்றை ஒட்டியே ஆகவேண்டும் என்று கை பரபரக்கும். நானும் ஆங்கிலவழிப் பாடப்புத்தகம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதவன் என்பதால் சொல்கிறேன், இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். தமிழிலிருந்து நேராகக் கசாக்குக்குள் இறங்கிவிடலாம்.

கசாக்கியர் அன்றாடம் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: எஷ்-தென் கெஷ் ஜக்சு. எஷ் என்றால் ஒன்றுமில்லாதது, கெஷ் என்றால் தாமதம், ஜக்சு என்றால் நல்லது. வராமலே போவதற்குத் தாமதமாக வருவது மேல். மூன்றே சொல். நடுவில் 'அதிக', 'மேலும்' எதுவும் கிடையாது. வெறும் தென்.

பள்ளியில் படித்த ஐந்தாம் வேற்றுமையை நினைவிருக்கிறதா? இல், இன் என்று இரண்டு உருபு; நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள். நீங்கலுக்கு 'மலையின் வீழ் அருவி'. ஒப்புக்குப் 'பாலின் வெளிது கொக்கு'. மலையிலிருந்து விழுவதற்கும் பாலோடு கொக்கை உரசிப் பார்ப்பதற்கும் ஒரே 'இன்'. ஏன் இரண்டையும் ஒரே வேற்றுமையில் கட்டிப்போட்டார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை. கசாக் படித்தபோதுதான் விளங்கியது. 'இலிருந்து' என்பதிலிருந்து 'விட' என்பதற்குப் போகும் பாதை உலகத்தில் பல மொழிகள் நடந்த பாதை. நாம் அந்த 'இன்'னைப் பேச்சில் விட்டுவிட்டு 'விட'வைப் பிடித்துக்கொண்டோம். கசாக் பழைய பாதையிலேயே நடக்கிறது.

ஆட்களை ஒப்பிடும்போது 'நான், நீ' எல்லாம் வரும். மென் என்றால் நான், மெனென் என்றால் என்னைவிட. சென் என்றால் நீ, செனென் என்றால் உன்னைவிட. சிஸ் என்றால் நீங்கள், சிஸ்தென் என்றால் உங்களைவிட. ஒல் என்றால் அவர் அல்லது அது. உருபு சேர்ந்தால் ஒதான் ஆகிவிடும். ஆண்பால் பெண்பால் பேதம் கிடையாது.

ஒல் மெனென் எக்கி ஜாஸ் உல்கென்.

சொல்லுக்குச் சொல்: அவர், என்னைவிட, இரண்டு, வயது, பெரியவர். வரிசையைக்கூட மாற்றவேண்டாம். நம் பேச்சில் 'பெரியவர்' என்பது வயதையும் குறிப்பதுபோல உல்கெனும் வயதைக் குறிக்கும், கிஷி இளையவர். கசாக் மக்களின் மூன்று பெரும் பிரிவுகளை ஜுஸ் என்பார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் கிஷி ஜுஸ், அதாவது இளைய ஜுஸ்.

'நான் உன்னைவிடப் பெரியவன்' என்று சொல்லும்போது பெயரடையின் வாலில் ஆளைக் காட்டும் விகுதி ஏறும்: மென் செனென் உல்கென்மின். அந்த 'மின்' என்பது 'நான்' என்பதன் நிழல். 'நல்லேன்', 'பெரியேன்' என்று பழந்தமிழில் குறிப்பு வினைமுற்று வருமே, அந்த ஜாதி.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அஸ்தானாகா கராகாந்தா அல்மாட்டி ஜுலு.

இதற்கும் 'அஸ்தானாவைவிட அல்மாட்டி வெதுவெதுப்பு' என்றே பொருள். கரா என்ற வினைக்குப் 'பார்' என்று பொருள். கராகாந்தா என்றால் 'பார்க்கும்போது'. அஸ்தானாகா என்பதில் உள்ள கா, நம் 'கு' உருபின் வேலையைச் செய்வது. அஸ்தானாவுக்குப் பார்க்கும்போது, அதாவது அஸ்தானாவைப் பார்க்க, அல்மாட்டி தேவலை! இலங்கைத் தமிழில் "அதைப் பார்க்க இது நல்லம்" என்று இன்றும் சொல்வார்கள். எழுத்துத் தமிழில் 'அதைப் பார்க்கிலும்', 'அதைக் காட்டிலும்' இரண்டும் உண்டு. ஒன்றில் பார்க்கிறோம், இன்னொன்றில் காட்டுகிறோம். ஒப்பிடுவதைக் கண்ணின் வேலையாகக் கருதுவதில் இரண்டு மொழிகளும் ஒன்றாகவே யோசித்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: கசகஸ்தானின் நடுவில் கராகாந்தி என்றொரு நிலக்கரி நகரம் இருக்கிறது. ஒலி ஒத்துப்போவது தற்செயல். ஊரை நடுவில் இழுத்துப் போட்டு மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

'உம்'மைக்கும் ஜோடி உண்டு. 'தா' என்ற தனிச்சொல் அது. உலான்பாதுர் அஸ்தானா-தான் தா சூவுக் என்றால், 'அஸ்தானாவைவிடவும் உலான்பாதர் குளிர்'. சூவுக் குளிரைக் குறிக்கும் சொல். உலகத் தலைநகரங்களில் குளிருக்குப் பேர்போன இரண்டு ஊர்கள் இவை. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட 'உம்' இல்லாமல் முடியாது. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் என்றால் பெயரடைக்கு முன்னால் அல்தெகாய்தா என்று போடுவார்கள். அல்தெகாய்தா ஜக்சு, எவ்வளவோ மேல். அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் 'எங்கேயோ'. "அவன் எங்கேயோ போயிட்டான்" என்று நாம் சொல்வதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

இப்போது வால் வைத்த பெயரடைகளுக்கு வருவோம். 

பாடப்புத்தகங்கள் ஒப்புநிலை என்ற தலைப்பில் முதலில் காட்டுவது -ராக், -ரெக் என்ற ஒட்டை. உயிரில் முடியும் சொல்லோடு அப்படியே சேரும்: ஜக்சு, ஜக்சுராக்; கிஷி, கிஷிரெக். மெய்யில் முடிந்தால் நடுவில் ஓர் உயிர் நுழையும்: அர்ஸான் என்றால் மலிவு, அர்ஸானுராக், உல்கென், உல்கெனிரெக். சொல் க், ப் போன்ற வல்லொலியில் முடிந்தால் அது மெலிந்துவிடும். பியிக் என்றால் உயரமான, பியிகிரெக், கொப், கொபிரெக். சிரிலிக்கில் இதற்கு எழுத்தையே மாற்றி எழுதவேண்டும். தமிழ் எழுத்தில் எழுதினால் ஒன்றும் செய்யவேண்டாம், ஏனென்றால் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றைக் ககரத்தையும் பகரத்தையும் நாம் மெலித்துத்தான் படிக்கிறோம். 'பாகு' என்று எழுதிவிட்டுப் 'பாக்கு' என்று யாரும் வாசிப்பதில்லையே.

ஒட்டு எளிது. பொருளில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். இதை ஆங்கிலத்தின் ஒப்புநிலை விகுதி என்று எடுத்துக்கொண்டு எல்லா ஒப்பீட்டிலும் ஒட்டுவது வழக்கமான தவறு. நான் கொஞ்ச காலம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களுக்குப் புரிந்தது; ஆனால் நான் எதைச் சொன்னாலும் கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொல்வதாகவே அவர்களுக்குப் பட்டிருக்கும். காரணம், -ராக் என்பதற்கு நெருங்கிய தமிழ் 'கொஞ்சம்'. 'அல்மாட்டி அஸ்தானா-தான் உல்கென்' என்பது பட்டென்று சொன்னது. 'உல்கெனிரெக்' என்று முடித்தால் "கொஞ்சம் பெரிசு" என்ற சாயல் ஏறும். எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் விட்ட இடத்தில்தான் இந்த ஒட்டுக்கு நிஜமான வேலை. புகின் சூவுகுராக்: இன்றைக்குக் கொஞ்சம் குளிர் ஜாஸ்தி. நேற்றைவிட என்று யாரும் சொல்லவில்லை, கேட்பவருக்கே தெரியும்.

பேசப் பழகுகிறவர்களுக்கு ஒரு வாக்கியத்தை இலவசமாகத் தருகிறேன்: ஜாயுராக் சொய்லெங்கிஸ்ஷி. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்களேன். மருத்துவம் படிக்க அல்மாட்டிக்குப் போகும் நம் மாணவர்களுக்கு வகுப்பறைக்கு வெளியே மிகவும் உதவக்கூடிய வாக்கியம் இது. ஆனால் அந்த ஊரில் ரஷ்ய மொழியும் தாராளமாகப் புழங்குவதால், பதில் ரஷ்யனில் வந்தாலும் வியக்கவேண்டாம்.

இந்த ஒட்டின் முழு அழகும் சந்தையில்தான் தெரியும். அல்மாட்டியில் கொக் பஸார் என்றொரு பழைய சந்தை இருக்கிறது. பழம், உலர்பழம், குதிரை இறைச்சி, பாலாடைக் கட்டி எல்லாம் கிடைக்கும் இடம். ஆப்பிளை இங்கே அல்மா என்பார்கள். தியான்ஷான் மலையடிவாரத்தில் இன்றும் காட்டில் வளரும் ஆப்பிள் மரம்தான் நாம் தின்னும் ஆப்பிளுக்கு மூதாதை. அல்மாட்டியின் பெருமை அபோர்த் என்ற இனம். பார்க்கவே பெரிதாக, சிவப்பாக இருக்கும். நீங்கள் ஒரு கடை முன்னால் நிற்கிறீர்கள், விலை கேட்டாயிற்று, கும்பாத் என்று முணுமுணுக்கிறீர்கள். கும்பாத் என்றால் விலை அதிகம். பிறகு கேட்கிறீர்கள்:

அர்ஸானுராகு பார் மா?

பார் என்றால் இருக்கிறது, மா என்பது நம் 'ஆ' போன்ற வினா. அர்ஸானுராகு என்பதில் அர்ஸான் மலிவு, ராக் கொஞ்சம், கடைசியில் ஒட்டிய உகரம் 'அது' என்பதன் வேலை. 'கொஞ்சம் மலிவானது இருக்கா?' கடைக்காரர் ஒரு சின்ன ஆப்பிளை எடுத்து நீட்டினால்:

உல்கெனிரெகின் பெரிங்கிஸ்ஷி.

கொஞ்சம் பெரிசாக் குடுங்களேன். பெர் என்றால் கொடு. இங்கிஸ் என்பது மரியாதைப் பன்மை. ஷி என்பது 'ஏன்' போட்டுக் குழைவது. 'கொடு' என்பது 'கொடுங்களேன்' ஆவதற்கு நமக்கு என்னென்ன தேவையோ, அதே வரிசையில் அவர்களுக்கும்.

-லாவ், -தெவ் என்று இன்னோர் ஒட்டு உண்டு. உல்கென்தெவ் என்றால் பெரிசு மாதிரி, பெரிசுன்னே சொல்லலாம். ஜக்சுலாவ் என்றால் பரவாயில்லை ரகம். சூவுக்தாவ் லேசான குளிர். இதை ஒப்புநிலையில் சேர்க்கிறார்கள் என்றாலும், எதோடும் ஒப்பிடாமல் இழுத்தாற்போலச் சொல்லும் இடங்களில்தான் அதிகம் வரும். 

இலக்கணத்தில் இந்தப் படிநிலைகளுக்கு ஷுராய் என்று பெயர். அதே சொல்லுக்கு முகப்பொலிவு என்றும் பொருள். ஒரு முகம் கொஞ்சம் களையாக, ரொம்பக் களையாக இருப்பதுபோலப் பெயரடைக்கும் களை கூடிக் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். பெயரடைக்குச் சின் எசிம் என்று பெயர். எசிம் என்றால் பெயர். இப்படிக் கசாக் வேரிலிருந்தே இலக்கணச் சொற்களை உருவாக்கியவர் அகமெத் பைதுர்சின்உலி. அரபு எழுத்தைக் கசாக் ஒலிகளுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தவரும் அவரே. 1937இல் ஸ்டாலின் கால அடக்குமுறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வைத்த பெயர்களில்தான் இன்றும் கசாக் பிள்ளைகள் இலக்கணம் படிக்கிறார்கள்.

நிறங்களுக்கு வந்தால் கசாக் வேறொரு ஆட்டம் ஆடும். குஸுல் சிவப்பு, குஸ்குல்த் சிவப்பேறியது. ஆக் வெள்ளை, ஆக்ஷுல் வெளிறியது. கொக் நீலம், கொக்ஷில் நீலம் பாய்ந்தது. கொகில்திர் என்றால் வான்நீலம். 1992இல் ஏற்ற தேசியக் கொடியின் நிறத்தைச் சொல்ல அந்தச் சொல்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வால். எந்த நிறத்துக்கு எந்த வால் என்பதற்கு விதி தேடிக்கொண்டிருக்காதீர்கள், சொல்லோடு சொல்லாகப் பழகவேண்டியதுதான். குதிரை வளர்த்த மக்கள் என்பதால் குதிரையின் நிறத்துக்கென்றே தோரு, ஜிரென், பொஸ் என்று தனிப் பட்டியலும் உண்டு. கொக் என்பது வானத்தின் நீலத்தையும் புல்லின் பச்சையையும் சேர்த்தே குறிக்கும் என்பது தனிக்கதை. மேலே சொன்ன கொக் பஸாரை எல்லோரும் 'பச்சைச் சந்தை' என்றே மொழிபெயர்க்கிறார்கள். 

நிறம் ஏறும் திசையில் போனால் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது. கரா என்றால் கறுப்பு. கன்னங்கரேல் என்று சொல்ல, முதல் அசையை எடுத்து ஒரு 'ப்' வைத்து முழுச்சொல்லையும் திரும்பச் சொல்லவேண்டும்: காப்-கரா. குஸுல், குப்-குஸுல்: செக்கச்செவேல். சாரு என்றால் மஞ்சள், சாப்-சாரு. ஜாசுல் என்றால் பச்சை, ஜாப்-ஜாசுல்: பச்சைப்பசேல். ஆக் அப்பாக் ஆகும்: வெள்ளைவெளேர். கொக் மட்டும் அடம்பிடித்துக் கொக்பெங்பெக் என்று வேறு வழியில் போகும். நிறத்தோடு நிற்கவில்லை. ஜாஙா என்றால் புதிய, ஜாப்-ஜாஙா புத்தம்புதிய. கிஷ்கென்தாய் குட்டி, கிப்-கிஷ்கென்தாய் சின்னஞ்சிறு. ஜால்குஸ் தனி, ஜாப்-ஜால்குஸ் தன்னந்தனி. உப்-உல்கென் பென்னம்பெரிய. நாம் முதல் அசையோடு மூக்கொலியையோ இரட்டித்த ஒற்றையோ சேர்த்துச் சொல்லை மடக்குகிறோம், அவர்கள் 'ப்' வைத்து மடக்குகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு நிகர் தேடித் தலையைச் சொறியவேண்டும். தமிழ்க்குழந்தைக்கு ஒரு நிமிடத்தில் விளங்கும்.

உடனே 'கரா என்றால் கறுப்பு, நம் கரு! இரண்டும் ஒரே குடும்பம்!' என்று கிளம்பிவிடாதீர்கள். இணையத்தில் அப்படிக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். இந்தக் 'கரா' மங்கோலியாவில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டு ஓர்கான் கல்வெட்டுகளிலேயே இருக்கும் பழைய துருக்கியச் சொல். அசையை மடக்கும் வழக்கம் துருக்கியிலும் மங்கோலிய மொழியிலும் உண்டு. ஒரு சொல்லின் ஒற்றுமையை வைத்துச் சம்பந்தம் பேசமுடியாது. ரசிக்கலாம், நினைவில் வைத்துக்கொள்ள உதவும், அவ்வளவே.

'போல' என்று சமமாகச் சொல்ல -தாய், -தெய். கார் என்றால் பனி. கார்-தாய் அப்பாக் என்றால் பனிபோல வெள்ளைவெளேர். ஆய் என்றால் நிலா; ஆய்-தாய் சுலு என்றால் நிலாவைப் போல அழகு. தான், நான், தென், இப்போது ஆய், தாய், கார்! எல்லாம் தமிழ்ச் சொல் போலவே வந்து நின்று ஏமாற்றுகின்றன. 

உச்ச நிலைக்கு ஒரே சொல்: எங். பெயரடைக்கு முன்னால் தனியாக நிற்கும், பெயரடை மாறாது. எங் உல்கென், எங் பியிக், எங் ஜக்சு.

கஸாக்ஸ்தான்-தாகு எங் பியிக் ஷுங் — ஹான் தெங்கிரி.

கசகஸ்தானில் உள்ள ஆக உயர்ந்த சிகரம் கான் தெங்கிரி. கிர்கிஸ்தான் எல்லையில் நிற்கிறது. உச்சியில் உறைந்த பனியையும் சேர்த்து 7,010 மீட்டர். 'தாகு' என்பது 'இல் உள்ள'. இடத்தைச் சொல்லி, எங் போட்டு, பெயரடை, பெயர்: இதுதான் வார்ப்பு. துனியெதெகி எங் உல்கென் கொல் — காஸ்பி. துனியே நம் காதுக்கும் தெரிந்த துனியாதான், அரபியிலிருந்து இரண்டு பக்கமும் போனது. உலகில் உள்ள ஆகப் பெரிய ஏரி காஸ்பியன். அந்தக் காஸ்பியன் கரையோரத்து மங்கிஸ்தாவ் மாகாணத்தில்தான் நாட்டின் மிகத் தாழ்ந்த இடமான கராகியா பள்ளம் இருக்கிறது, கடல்மட்டத்துக்கு 132 மீட்டர் கீழே. தெரெங் என்றால் ஆழம். எங் பியிக்குக்கும் எங் தெரெங்குக்கும் நடுவில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் செங்குத்து வித்தியாசம்! 

'ஆகப் பெரிய' என்று நான் எழுதியதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 'மிகப் பெரிய' என்போம். அதில் ஒரு சிக்கல். 'மிகப் பெரிய ஏரி' என்றால் ரொம்பப் பெரிய ஏரியா, இருப்பதிலேயே பெரிய ஏரியா? இரண்டும் ஆகலாம், சூழலை வைத்துத்தான் தெரியும். கசாக்கில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ரொம்ப என்பதற்கு ஒத்தெ, இருப்பதிலேயே என்பதற்கு எங். ஒத்தெ உல்கென் கொல் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், எங் உல்கென் கொல் ஒன்றுதான். தமிழில் யோசித்து 'மிக' என்று மனத்தில் தோன்றும்போதெல்லாம் ஒரு நொடி நின்று எந்த 'மிக' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 'ஆகப் பெரிய', 'ஆக உயரமான' என்று அவர்கள் எழுதும் 'ஆக'வை அப்படியே எடுத்துவிட்டு 'எங்' வைத்தால் வேலை முடிந்தது.

தும் என்று இன்னொன்று. பெரும்பாலும் அளவு மீறிவிட்டது என்ற முகச்சுளிப்போடு வரும். உஸ்துக் என்றால் சூடு. தும் உஸ்துக் என்றால் தாங்கமுடியாத சூடு. தேநீர் ஒத்தெ உஸ்துக்காக இருந்தால் ஊதிக் குடிக்கலாம், தும் உஸ்துக்காக இருந்தால் கீழே வைத்துவிடவேண்டியதுதான். ஒத்தெ, தும் போன்றவற்றை எந்தப் படிநிலையில் சேர்ப்பது, மொத்தப் படிநிலை மூன்றா நான்கா என்பதில் கசாக் இலக்கண நூல்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. தேர்வு எழுதப் போவதில்லை என்றால் அந்த வழக்கில் நாம் சாட்சி சொல்லத் தேவையில்லை.

எங் இல்லாமலும் உச்சத்தைத் தொடலாம். பாரி என்றால் எல்லாம். பாரினென் ஜக்சு என்றால் எல்லாவற்றையும்விட நல்லது. மறுபடியும் அதே உருபுதான், நென் வேடத்தில் வந்திருக்கிறது. எங்-கோடு ராக், ரெக் சேராது என்பதை மட்டும் மறக்கவேண்டாம். 'ஆகப் பெரியது' என்றபிறகு 'கொஞ்சம்' எங்கிருந்து வரும்? 'ஆக உயர்ந்த சிகரங்களில் ஒன்று' என்று பத்திரிகை நடையில் சொல்ல, எங் பியிக் ஷுங்தார்துங் பிரி. பிர் என்றால் ஒன்று, பிரி என்றால் அவற்றில் ஒன்று.

எங் ஒட்டிக்கொண்டு உறைந்துபோன தொடர்களும் சில உண்டு. எங் கெமி என்பது அன்றாடப் பேச்சில் காதில் விழும். கெம் என்றால் குறைவு. எங் கெமி எக்கி ஜுல் என்றால் குறைந்தபட்சம் இரண்டு வருஷம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஒருவரிடம் இதை மொழிபெயர்க்கச் சொல்லிப் பாருங்கள். 'ஆகக் குறைந்தது ரெண்டு வருஷம்' என்பார். எங்குக்கு ஆக, கெமிக்குக் குறைந்தது. சொல்லுக்குச் சொல் அப்படியே பொருந்தும்.